குடும்ப நோய் வரலாறு சார்ட் போடுறப்ப நம்ம வீடுகள்ல நடக்குற தப்புகள்

டாக்டர் "ஃபேமிலில யாருக்காச்சும் என்னமாச்சும் இருக்கா"ன்னு கேட்டா "அப்பாவுக்கு சுகர், மத்தபடி ஒண்ணும் இல்ல சார்"னு சொல்லிட்டு வந்துடுவோம், பஸ்ல வரும்போதுதான் பெரியப்பாவோட பைபாஸும் கல்யாணமாகி கொஞ்ச வருஷத்துலயே போய்ட்ட அத்தையும் ஞாபகத்துக்கு வரும். அதுக்குத்தான் ஒரு பேப்பர்ல மூணு தலைமுறையை வரைஞ்சு வச்சுக்கணும். சதுரம்னா ஆண், வட்டம்னா பெண், நோய் இருந்தா உள்ள கருப்படிக்கணும், இறந்தவங்க மேல சாய்வா ஒரு கோடு. வரையறது ரொம்ப ஈஸி. ஆனா நெட்ல கிடைக்குற டெம்ப்ளேட் எல்லாம் வேற மாதிரி குடும்பங்களுக்கு போட்டது, அதை டவுன்லோட் பண்ணி அப்படியே ஃபில் பண்ணா நம்ம சொந்தபந்தம் அதுல அடங்காது.

முதல் தப்பு, கூப்பிடுற முறையை அப்படியே எழுதிடறது. "மாமா – ஹார்ட் அட்டாக்"னு எழுதியிருப்பாங்க. எந்த மாமா? அம்மாவோட கூடப்பொறந்தவரா, அத்தையை கட்டிக்கிட்டு வந்தவரா? முதல் ஆள்னா உங்க ஜீன்ல கால் பங்கு அவரோட பொதுவா இருக்கும், ரெண்டாவது ஆள் வெளியில இருந்து வந்தவர்னா ரத்த சம்பந்தமே கிடையாது. சித்தப்பாவும் இப்படித்தான், அப்பாவோட தம்பியும் சித்தப்பா, சித்தியோட வீட்டுக்காரரும் சித்தப்பா. அதனால "அம்மாவின் அண்ணன்", "அப்பாவின் தங்கை"ன்னு நீட்டித்தான் எழுதணும். அப்பா அம்மா, கூடப்பொறந்தவங்க, பிள்ளைங்கன்னா பாதி பங்கு, தாத்தா பாட்டியும் அப்பா அம்மாவோட கூடப்பொறந்தவங்களும் கால் பங்கு, அவங்க பிள்ளைங்க எட்டுல ஒரு பங்கு, டாக்டர் இந்தக் கணக்கை வச்சுத்தான் பார்ப்பார்.

இதுல இன்னொரு சிக்கல், சொந்தத்துலயே கல்யாணம். மாமா பொண்ணு, அத்தை பையன், அக்கா பொண்ணையே கட்டுனதுன்னு நம்ம ஊர்ல இல்லாத குடும்பம் கம்மி. இதை சார்ட்ல காட்டாம விடறதுதான் என்னைக் கேட்டா எல்லாத்தையும் விட பெரிய தப்பு. சொந்தத்துல முடிச்சிருந்தா ரெண்டு பேருக்கும் நடுவுல ரெட்டைக் கோடு போடணும். தாய்மாமாவை கட்டுன பொண்ணோட குழந்தைக்கு அம்மாவைப் பெத்த பாட்டியே அப்பா வழியில அத்தை, இவங்களை ரெண்டு இடத்துல தனித்தனியா எழுதிட்டா ஒருத்தரோட நோய் ரெண்டு பேருக்கு வந்த மாதிரி தெரியும். ஒரு ஆளுக்கு ஒரு வட்டம், கோடு எவ்வளவு சுத்திப் போனாலும் பரவால்ல. இது ஏன் முக்கியம்னா தலசீமியா (பரம்பரையா வர்ற ரத்தசோகை) மாதிரி நோய்ல பழுதான ஜீன் ஒண்ணு மட்டும் இருக்கறவங்களுக்கு பெருசா எந்தத் தொந்தரவும் இருக்காது, அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் அதே ஜீன் இருந்தா ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலுல ஒரு சான்ஸ், ஒரே தாத்தா பாட்டிகிட்ட இருந்து ரெண்டு பக்கமும் வந்திருந்தா அது சேர்றதுக்கு வாய்ப்பு அதிகம். பிறந்து கொஞ்ச நாள்ல இறந்த குழந்தை, திரும்பத் திரும்ப கலைஞ்ச கர்ப்பம், இதெல்லாம் "அது எதுக்கு இப்ப"ன்னு விட்டுடுவாங்க, ஆனா அதையும் எழுதணும்.

அடுத்தது வயசு. வெறும் "அட்டாக்"னு எழுதி பிரயோஜனம் இல்ல, 82 வயசுல வந்த அட்டாக் வேற 46ல வந்தது வேற. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55க்கு முன்னாடி, அம்மாவுக்கோ அக்கா தங்கச்சிக்கோ 65க்கு முன்னாடி வந்திருந்தா அதை தனியா கவனிப்பாங்க. குடல் கேன்சர்ல அப்பா அம்மாவுக்கோ கூடப்பொறந்தவங்களுக்கோ எந்த வயசுல கண்டுபிடிச்சாங்களோ அதுக்கு 10 வருஷம் முன்னாடியே, இல்லன்னா 40 வயசுல, எது முன்னாடி வருதோ அப்பவே உங்களுக்கு டெஸ்ட் ஆரம்பிக்கச் சொல்றது வழக்கம். பாட்டிக்கு வயசு தெரியாதுன்னு சொல்லுவாங்க, விடாதீங்க. தனுஷ்கோடி புயல் 1964, அண்ணா இறந்தது 1969, எம்ஜிஆர் 1987 டிசம்பர், இதை வச்சு "அப்ப அம்மா எந்த கிளாஸ் படிச்சா, தம்பி பொறந்திருந்தானா"ன்னு கேட்டுக்கிட்டே போனா அஞ்சு வருஷத்துக்குள்ள நிறுத்திடலாம். "சுமார் 50"ன்னு இருந்தாலே போதும்.

நோய்ப் பேர்லயும் ஏமாறக்கூடாது. "மஞ்சக்காமாலைல போனார்"னா லிவர் கெட்டதா, கணையத்துல கட்டியா? "வயித்துல கட்டி" குடலா சினைப்பையா? "கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க", எதுக்கு எடுத்தாங்க? பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிப்போர்ட் பீரோல எங்கயாச்சும் துணிக்கு அடியில இருக்கும், தேடுங்க. உயிரோட இருக்கறவங்கன்னா மாத்திரை அட்டையை ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, "எனக்கு ஒரு நோயும் இல்லப்பா"ன்னு சொல்ற பெரியம்மாவோட டப்பாவுல மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் இருக்கும், கேட்டா மாத்திரை போட்டா நார்மலா இருக்கு அப்புறம் என்ன நோய்ம்பாங்க!

மார்பகப் புற்றுநோய்னா அம்மா பக்கம் மட்டும் பார்க்கறதும் ரொம்ப பேர் பண்றது. மார்பக, சினைப்பை கேன்சர் வர்ற வாய்ப்பைக் கூட்டுற பழுதான பிஆர்சிஏ ஜீன் அப்பா வழியாவும் வரும், அப்பாவுக்கு ஒண்ணுமே இல்லாம அவரோட அக்காவுக்கு சினைப்பை கேன்சர் இருந்திருக்கலாம், அது அவர் பொண்ணுக்கு முக்கியமான தகவல். ஹீமோஃபீலியாவுக்கு இதுக்கு நேர்மாறா அம்மா வழியைத்தான் நோண்டணும், சின்ன அடிக்கே ரத்தம் நிக்காத தாய்மாமா யாராச்சும் இருந்தாங்களான்னு.

வலிப்பு, மனநோய், தற்கொலை, இதெல்லாம் வெளிய வரவே வராது, பொண்ணு பார்க்க வர்றவங்களுக்கு தெரிஞ்சிடும்னு பயம். கல்யாண வீட்டுல பத்து பேர் நடுவுல நோட்டும் பேனாவும் வச்சுக்கிட்டு கேட்டா எந்தப் பாட்டியும் சொல்லாது. தனியா, மத்தியானம் சாப்பிட்டு சாய்ஞ்சிருக்கும்போது, "அந்த மாமா ஏன் வேலைக்கே போகல"ன்னு சுத்தி வளைச்சு கேளுங்க. சொல்லலன்னா அந்தக் கட்டத்துல கேள்விக்குறி போடுங்க. தெரியாததை வெறுமனே விட்டுட்டா பார்க்கறவங்க நோய் இல்லன்னு எடுத்துப்பாங்க, "இல்ல"ங்கறதும் "தெரியல"ங்கறதும் தனித்தனியா இருக்கணும்.

முடிச்ச உடனே ஃபேமிலி வாட்ஸ்ஆப் குரூப்ல போட்டுடாதீங்க, தயவுசெஞ்சு. அத்தனை பேரோட ரகசியமும் அதுல இருக்கு, நாளைக்கு அது எந்த குரூப்புக்கு ஃபார்வர்டு ஆகும்னு யாருக்கும் தெரியாது. கூடப்பொறந்தவங்களுக்கு மட்டும் ஒரு காப்பி கொடுங்க.

ஆபரேஷனுக்குப் போனா மயக்க டாக்டர்கிட்டயும் இதைக் காட்டுங்க, சொந்தத்துல யாருக்காச்சும் மயக்க ஊசிக்கு அப்புறம் மூச்சு திரும்ப ரொம்ப நேரம் ஆச்சுன்னா அது அவருக்கு முதல்லயே தெரிஞ்சாகணும். சில குடும்பங்கள்ல மயக்கத்தோட சேர்த்துப் போடுற ஒரு தசை தளர்த்துற மருந்தை உடைக்குற என்சைம் (உடம்புல சுரக்குற ஒரு புரதம்) கம்மியா இருக்கும், நம்ம பக்கம் ஆரிய வைசியர் சமூகத்துல இது கொஞ்சம் அதிகமா பதிவாகியிருக்கு. முன்கூட்டியே தெரிஞ்சா மருந்தை மாத்திப்பாங்க, அவ்வளவுதான்.