பேக்கப் தானாக ஓடவில்லையா? எங்கிருந்து தேடத் தொடங்குவது

போன மாரி நேரம் கல்லடியிலிருந்து மாமி கோல் எடுத்தார். “மகன், நீ பேக்கப் போட்டுத் தந்த தானே, மறுகா ஏன் புள்ளைட சாமத்தியப் படம் ஒண்டயும் காணல்ல?” போய்ப் பார்த்தால் கடைசி நகல் எடுத்த திகதி ஒக்டோபர் 19. சாமத்திய வீடு நடந்ததோ நவம்பரில். நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் பேக்கப் நின்றிருக்கிறது, வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. (படங்கள் எடுத்தவரின் மெமரி காட்டில் இருந்தபடியால் தப்பின.)

அங்கே பார்த்ததை வைத்தே சொல்லித் தருகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ள, பைல்களைத் தானாக நகல் எடுத்து வைக்கும் ‘பைல் ஹிஸ்டரி’யும் வெளியில் சொருகும் ஒரு ஹார்ட் டிஸ்கும் வைத்திருப்பவர்களுக்கு இது.

1. எதையும் தொடமுன் திகதியைப் பாருங்கள்

ஸ்டார்ட்டை அழுத்தி, கொன்ட்ரோல் பெனல் என்று ஆங்கிலத்தில் தட்டித் திறவுங்கள். அதில் சிஸ்டம் அன்ட் செக்கியூரிட்டி, அதற்குள் பைல் ஹிஸ்டரி. கடைசியாக எப்போது நகல் எடுத்தது என்று அங்கே எழுதியிருக்கும். நாம் மாற்றாவிட்டால் அது மணிக்கு ஒரு தடவை எடுக்க வேண்டியது. கொம்பியூட்டர் ஓடிக்கொண்டிருக்க நேற்றைய திகதி நின்றால் கோளாறு உண்டு. அந்தத் திகதியை ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள். அதற்குப் பிறகு சேர்த்த முக்கியமான பைல்களை இப்போதே ஒரு பென் டிரைவில் போட்டுவிட்டு, அப்புறம் திருத்தத் தொடங்கலாம்.

2. ஹார்ட் டிஸ்க் சொருகித்தான் இருக்கிறதா?

சிரிக்க வேண்டாம். நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இதுதான். மட்டக்களப்பில் ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கினால் முதல் வேலை எல்லாப் பிளக்கையும் கழற்றுவது. நல்ல பழக்கம், நானும் செய்கிறேன். மாமி கொம்பியூட்டரின் பிளக்கோடு ஹார்ட் டிஸ்கையும் கழற்றி, பத்திரம் என்று அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே வைத்துவிட்டார். மழை விட்டதும் கொம்பியூட்டரின் பிளக் மட்டும் திரும்பப் போனது. திரையின் மூலையில் ‘டிரைவைத் திரும்ப இணைக்கவும்’ என்ற மாதிரி அறிவிப்பு வந்திருக்கும். அதை யார் வாசிக்கிறார்கள்?

சொருகியதும் ‘ரன் நவ்’ என்பதை அழுத்துங்கள். திகதி மாறினால் கதை முடிந்தது. டிரைவே தென்படாவிட்டால் ஒரு துவாரத்தைப் பலதாக்கும் ஹப்பில் சொருகாமல், பெட்டியின் பின்பக்க யூஎஸ்பி துவாரத்தில் நேரடியாகச் சொருகுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் வேறு வயர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். நம்மூர் உப்புக்காற்றுக்கு வயரின் முனை கறுத்துப்போவது புதினம் இல்லை.

டிரைவ் ‘டக் டக்’ என்று தட்டினால் மட்டும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். திருத்துகிறேன் என்று ஓடவிட ஓடவிட இருப்பதும் போகும்.

3. ஓடுகிறது, ஆனால் உங்கள் படங்கள் அதில் இல்லை

இது கள்ளக் கோளாறு. திகதி இன்றையதாக இருக்கும், பிழைச் செய்தியும் வராது. ஆனால் பைல் ஹிஸ்டரி எல்லாவற்றையும் நகல் எடுப்பதில்லை. டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ் போன்ற வழக்கமான இடங்களை மட்டுமே பார்க்கும். நம்மவர்களோ விண்டோஸ் போட்டுத் தந்தவர் பிரித்துக்கொடுத்த டி டிரைவில் ‘போட்டோ’ என்று ஒரு போல்டர் போட்டு, பத்து வருடத்துப் படத்தையும் அதற்குள் குவித்து வைத்திருப்போம். அது பேக்கப்பின் கண்ணுக்கே படாது.

அந்தப் போல்டரின் மேல் வலது கிளிக் செய்து, ‘இன்குளூட் இன் லைப்ரரி’ என்பதில் பிக்சர்ஸைத் தெரிவு செய்யுங்கள். விண்டோஸ் 11 என்றால் முதலில் ‘ஷோ மோர் ஒப்ஷன்ஸ்’ஸை அழுத்த வேண்டும். போல்டர் இருந்த இடத்திலேயே இருக்கும், பேக்கப்பிலும் சேரும்.

4. இடம் நிரம்பிவிட்டதா?

பழைய பிரதிகளை ‘என்றென்றும்’ வைத்திருப்பதுதான் இதன் இயல்பு. ஆகவே டிஸ்க் ஒருநாள் நிரம்பத்தான் செய்யும். இடப்பக்கம் உள்ள அட்வான்ஸ்ட் செட்டிங்ஸில் ‘கிளீன் அப் வெர்ஷன்ஸ்’ இருக்கிறது. ஒரு வருடத்துக்கு முந்தியவை என்று கொடுத்தால் போதும். ஒவ்வொரு பைலின் கடைசிப் பிரதியும் எப்படியும் தங்கும்.

5. இன்னும் பிடிபடவில்லை என்றால்

அதே அட்வான்ஸ்ட் செட்டிங்ஸின் கீழே நிகழ்வுப் பதிவைத் திறக்கும் இணைப்பு ஒன்று உண்டு. பயப்பட வேண்டாம், மஞ்சள், சிவப்பு அடையாளம் உள்ள வரிகளை மட்டும் வாசியுங்கள். நான் அடிக்கடி காண்பது பைலின் பாதை நீளமென்று அதை விட்டுவிட்டோம் என்ற வரி. எல்லை ஏறக்குறைய 260 எழுத்து. போல்டருக்குள் போல்டர், ஒவ்வொன்றுக்கும் கல்யாணக் காட் அளவு பெயர் என்றால் அப்படித்தான் ஆகும். பெயர்களைச் சுருக்குங்கள்.

பைல் ஹிஸ்டரி ஓன் ஆகவே மறுத்தால் ஸ்டார்ட்டில் சேர்விசஸ் என்று தட்டி, பட்டியலில் ‘பைல் ஹிஸ்டரி சேர்விஸ்’ டிசேபிள்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மனுவலுக்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

6. ஒரு படத்தைத் திருப்பி எடுத்துப் பாருங்கள்

‘ரெஸ்டோர் பேர்சனல் பைல்ஸ்’ஸை அழுத்தி, அண்மையில் சேர்த்த படம் ஒன்றைத் தெரியுங்கள். நடுவிலுள்ள பச்சைப் பொத்தானை அழுத்தினால் அது பழைய இடத்துக்கே போய்விடும். அதனால் வலது மூலையிலுள்ள பற்சக்கர அடையாளத்தில் ‘ரெஸ்டோர் டு’ கொடுத்து டெஸ்க்டொப்பில் இறக்குங்கள். திறந்து, முகம் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஹார்ட் டிஸ்கை நேரடியாகத் திறந்து பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு பைலின் பெயரோடும் திகதியும் நேரமும் ஒட்டியிருக்கும், முடிவில் யூடிசி (உலகப் பொது நேரம்) என்று இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தி ஓடுவது. இரவு 8 மணிக்கு எடுத்த நகலில் 14_30 என்று எழுதியிருந்தால் அது சரிதான். மாமிக்கு அதைப் புரியவைக்க இரண்டு தேத்தண்ணி குடிக்க வேண்டியதாயிற்று.