கருதலளவை: ஏதுவைக் கொண்டு முடிவை நிறுவும் முறை

கண்டதைக் கொண்டு காணாததை உறுதியாக அறிவது கருதலளவை. வடமொழிப் பெயர் அனுமானம்; ‘அனு’ பின்னர், ‘மானம்’ அளத்தல். காட்சிக்குப் பின், அதாவது நேரில் கண்ட பின், வரும் அளவை (அறியும் வழி) என்பது பொருள். இன்றைய பேச்சில் அனுமானம் வெறும் ஊகமாகத் தேய்ந்துவிட்டது. தருக்க நூல்களிலோ அது முறைப்படி நிறுவிய அறிவு.

நிறுவ வேண்டியதை முதலில் ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள்: ‘இம்மலையில் நெருப்பு உண்டு.’ இதற்குப் பக்கம் என்று பெயர். அடுத்து ஏது, அதாவது முடிவுக்கு ஆதாரமாகக் காட்டும் அடையாளம்: ‘புகை இருப்பதால்.’ பிறகு திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு: ‘புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு, அடுக்களை போல.’ உபநயம்: ‘இம்மலையும் புகை உடையது.’ நிகமனம்: ‘ஆகவே நெருப்பு உண்டு.’ மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் கடைசி இரண்டையும் திட்டாந்தத்திலேயே அடக்கிவிடுகிறார். நமக்கு நாமே தெளிய மூன்று போதும். மாற்றுக் கருத்துடையவரிடம் பேசும்போது ஐந்தையும் சொல்லிவிடுவது நல்லது.

முறை பெரும்பாலும் ஏதுவில்தான் உடைகிறது. அதனால் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஏது உண்மையிலேயே அங்கே இருக்கிறதா? பனியைப் புகை என்று எண்ணியிருந்தால் மேலே கட்டிய எல்லாம் வீண். இக்குறைக்கு அசித்தம் என்று பெயர்.

முடிவு பொருந்தாத இடத்திலும் ஏது காணப்படுகிறதா? இது அநைகாந்திகம், மிகுதியாக நேர்வதும் இதுதான். புகையிலிருந்து நெருப்புக்குப் போகலாம், நெருப்பிலிருந்து புகைக்குப் போக முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈர விறகு சேர்ந்தால்தான் புகை வரும். அந்தச் சொல்லப்படாத நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். அதைத் தேடிப் பிடிக்க எதிர்மறை எடுத்துக்காட்டு ஒன்றையும் எப்போதும் வையுங்கள்: ‘நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இல்லை, பொய்கை போல.’ ஒத்த எடுத்துக்காட்டுகளை எத்தனை அடுக்கினாலும் இந்த ஒன்றின் வேலையை அவை செய்யாது.

ஏது எதிர்முடிவையே நிறுவுகிறதா? ‘ஒலி அழியாதது, செய்யப்படுவதால்’ என்பது விருத்தம், செய்யப்படுவது அழியும்.

காரணத்திலிருந்து காரியத்துக்குப் போகும்போது இன்னும் கவனம் வேண்டும். ஆற்று வெள்ளம் கண்டு மேற்கே மழை பெய்தது என்பதைவிட, கருமுகில் கண்டு மழை பெய்யும் என்பது வலுக் குறைந்தது. முகில் கலையலாம், வந்த வெள்ளத்துக்கோ காரணம் ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டது. அங்கும் அணை திறந்த நீரா என்று பார்த்த பிறகே மழை என்று சொல்லுங்கள்.