ஆளைக் கேட்டு அனுப்பும் கோப்பில் செய்யக் கூடாதவை

போன வாரம் ஜூனியர் ஒருவர் எழுதிய வரைவைப் படித்தேன். வெளிநாட்டில் போய் உட்கார்ந்துகொண்ட ஒரு மோசடிப் பேர்வழியை இந்தியாவிடம் ஒப்படைக்கச் சொல்லும் கோரிக்கை. மூன்றாம் பக்கத்திலேயே நான் ஒரு காலத்தில் செய்த அதே தப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன். முத்திரை விட்டுப்போவது, பக்க எண் மாறுவது எல்லாம் குமாஸ்தா பார்த்துக்கொள்வார், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நாடு கடத்தல் என்று எழுதுவது

பத்திரிகைகள் எல்லாவற்றுக்கும் இந்தச் சொல்லையே போட்டு நம்மைப் பழக்கிவிட்டன. விசா முடிந்தவரை ஒரு நாடு தன் மண்ணிலிருந்து வெளியேற்றுவது நாடு கடத்தல். குற்றம் சாட்டப்பட்டவரை இன்னொரு அரசு கேட்டு, ஒப்பந்தப்படியும் நீதிமன்ற விசாரணைக்குப் பிறகும் கையளிப்பது ஒப்படைப்பு. மனுவில் இரண்டையும் கலந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு முதல் நாளே விருந்து.

மிச்ச வழக்கைப் பிறகு பார்த்துக்கலாம் என்பது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான்.

கொங்குப் பக்கம் ஓர் ஏலச்சீட்டு மோசடி. ஆள் மீது மூன்று எஃப்.ஐ.ஆர். இரண்டில் குற்றப்பத்திரிகை தயார். மூன்றாவது, ஒரு பெரியவரின் நிலத்துக்குப் போலிப் பத்திரம் தயாரித்த வழக்கு. அதில் விசாரணை பாக்கி. "ஆள் முதல்ல வரட்டும் சார், அதை அப்புறம் சேர்த்துக்கலாம்" என்றார் விசாரணை அதிகாரி. நானும் சரி என்று தலையாட்டினேன். ஆள் வந்து சேர்ந்தார். மூன்றாவது வழக்கு அப்படியே நின்றது.

காரணம் ஸ்பெஷாலிட்டி விதி. எந்தக் குற்றத்துக்காக ஆளைக் கொடுத்தார்களோ, அதற்கு மட்டுமே விசாரிக்கலாம். நம்முடைய 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவே அதைச் சொல்கிறது. அதே உண்மைகளில் வெளிப்படும் சிறிய குற்றம் என்றால் பரவாயில்லை. புதுக் குற்றம் என்றால் ஆளைக் கொடுத்த நாட்டின் சம்மதம் வேண்டும், அல்லது அவர் திரும்பிப் போக வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். சம்மதம் கேட்பதென்றால் கோப்பை முதலிலிருந்து கட்ட வேண்டும். அந்தப் பெரியவர் மாதம் ஒருமுறை மஞ்சப்பையில் பத்திர நகலோடு என் அலுவலகத்துக்கு வருவார். "அவன்தான் உள்ளூர் ஜெயில்லயே இருக்கானே தம்பி, அப்புறம் ஏன் நம்ம கேஸ் நடக்கலை?" என்று கேட்பார். அவருக்கு 21ஆம் பிரிவை விளக்கிப் பார்த்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

என் கதை சின்னது. அபு சலேம் வழக்கைப் பாருங்கள். 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்டவர், 2002இல் லிஸ்பனில் பிடிபட்டார். போர்ச்சுகலில் மரண தண்டனையும் கிடையாது, ஆயுள் தண்டனையும் கிடையாது. அதனால் மரண தண்டனை இல்லை, 25 ஆண்டுக்கு மேல் சிறை இல்லை என்று அந்த ஆண்டு டிசம்பரில் அப்போதைய துணைப் பிரதமர் அத்வானி எழுத்தில் உறுதி கொடுத்தார். 2005 நவம்பரில் ஆள் வந்தார். பிறகு இங்கே கூடுதல் குற்றச்சாட்டுகளைச் சேர்த்தார்கள். 2010இல் நம் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. அடுத்த ஆண்டே லிஸ்பன் நீதிமன்றம் நிபந்தனையை மீறிவிட்டீர்கள் என்றது. கடைசியில் 2013இல், அப்படிச் சேர்த்த குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெற உச்ச நீதிமன்றத்திடமே அனுமதி வாங்க வேண்டியதாயிற்று. 2017இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2022இல் உச்ச நீதிமன்றம் கணக்கைத் தெளிவாக்கியது: 2005 அக்டோபர் 12 முதல் 25 ஆண்டு முடிந்ததும் விடுதலை செய்ய வேண்டும். ஒரு கடிதத்தில் இருந்த எண் இருபது ஆண்டு கழித்தும் வந்து நிற்கிறது.

ஆகவே கோரிக்கை கிளம்பும் முன் அந்த ஆள் மீது எந்தெந்தக் காவல் நிலையத்தில் என்னென்ன இருக்கிறது என்று அலைந்தாவது பட்டியல் எடுங்கள். பாதியில் நிற்கும் விசாரணையை முடிக்க வையுங்கள். இரண்டு மாதம் தாமதமானால் ஆகட்டும்.

பிரிவு எண்ணை மட்டும் நம்புவது

அந்த நாட்டு நீதிமன்றத்துக்கு நம் 420 (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் மோசடிப் பிரிவு) தெரியாது. அவர் செய்த காரியம் அவர்கள் நாட்டிலும் குற்றம்தானா என்றுதான் பார்ப்பார்கள். ஆகவே நடந்ததைக் கதையாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன வழக்கில் 'ஏலச்சீட்டு' என்பதை மொழிபெயர்ப்பாளர் 'ஏலத்தில் எடுத்த துண்டுச் சீட்டு' என்று ஆங்கிலமாக்கிவிட்டார். எந்தச் சீட்டு, அது இப்போது எங்கே என்று அங்கிருந்து கேள்வி வந்தது. 'மொட்டைக் கடிதம்' என்ன ஆனது என்று இங்கே சொல்லப் போவதில்லை.

சிறையை மறப்பது

கிரிக்கெட் சூதாட்ட வழக்கின் சஞ்சீவ் சாவ்லாவை 2017இல் லண்டன் நீதிமன்றம் ஒப்படைக்க மறுத்து விடுவித்ததற்குக் காரணம் திகார் சிறையின் நிலை. கூடுதல் உத்தரவாதங்கள் கொடுத்து 2020இல்தான் கொண்டுவர முடிந்தது. தொழிலதிபர் விஜய் மல்லையா வழக்கில் மும்பை ஆர்தர் ரோடு சிறையின் 12ஆம் எண் பராக்கை நடுப்பகல் வெளிச்சத்தில் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார் லண்டன் நீதிபதி. எந்த அறை, எத்தனை அடி, ஜன்னல் எந்தப் பக்கம்: அவர்கள் கேட்கும் முன்பே எழுதி வையுங்கள்.

ரெட் கார்னர் நோட்டீஸ் வந்துவிட்டதே என்பது

அது ஆளைத் தேடிப் பிடிக்கச் சொல்லி இன்டர்போல் மற்ற நாடுகளுக்கு அனுப்பும் அறிவிப்பு. கைது வாரண்ட் அல்ல.

டிவிக்குப் பேட்டி கொடுப்பது

வேண்டாம். அரசியல் பழிவாங்கல் என்று வாதாட அந்தப் பேட்டியைத்தான் முதல் ஆவணமாக வைப்பார்கள்.

60 நாளைத் தப்பாக எண்ணுவது

அவசரமாகத் தற்காலிகக் கைது கேட்டால், பிரிட்டன், அமெரிக்கா இரண்டு நாட்டு ஒப்பந்தத்திலும் முழுக் கோரிக்கையைக் கொடுக்க 60 நாள்தான். நமக்குத் தகவல் வந்த தேதியிலிருந்து எண்ணாதீர்கள், கைதான நாளிலிருந்து எண்ணுங்கள். அதில் மொழிபெயர்ப்பு, சான்றொப்பம், டெல்லியில் வெளியுறவு அமைச்சகம், தூதரகம் எல்லாம் அடங்கும். இடையில் பொங்கலோ தீபாவளியோ வந்தால் இன்னும் மோசம். மொழிபெயர்ப்பைக் கைதுக்கு முன்பே முடித்து வையுங்கள்.

அந்த ஜூனியரின் வரைவைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் விட்டதும் மூன்றாவது எஃப்.ஐ.ஆரைத்தான்.