வாய்க்கால்ல டைம் டிராவல் ஷார்ட் ஃபிலிம் எடுக்குறது எப்படி

டைம் டிராவல் படம்னதுமே மெஷினு, நீல லைட்டு, புகைன்னு கிளம்பிடுறாங்க, கைல காசில்லாம அத செஞ்சா கல்யாண ரிசப்ஷன் மேடை மாதிரிதான் வரும். டெல்டாக்காரனுக்கு அது எதுக்கு? மே மாசம் வாய்க்கா பாளம் பாளமா வெடிச்சு கெடக்கும், பசங்க உள்ள ஸ்டம்ப் நட்டு ஆடுவானுங்க, கொஞ்ச நாள்ல அதே எடத்துல இடுப்பளவு தண்ணி ஓடும். ரெண்டையும் ஒரே ஃபிரேம்ல புடிச்சா போதும்.

மேட்டூர் அணை தொறக்குறது வழக்கமா ஜூன் 12 தான், ஆனா அத நம்பி உக்காராதீங்க, 2022ல மே 24லயே தொறந்துட்டாங்க, 2024ல ஜூலை 28 ஆயிடுச்சு. கல்லணைக்கு வரவே ரெண்டு மூணு நாள், கடைமடைன்னா இன்னும் காத்துக் கெடக்கணும். அதனால காஞ்ச ஷாட்ட ஏப்ரல்லயே முடிச்சு வைங்க.

எடம் மதகு பக்கமா பாருங்க, மதகு சுவரு ஃபிரேம்ல இருந்தாதான் ரெண்டு ஷாட்டும் ஒட்டும். ட்ரைபாட் கால் மூணும் நிக்கிற எடத்துல கட்டை மேல சின்னதா பெயிண்ட் புள்ளி வைங்க, உயரத்த டேப்ல அளந்து எழுதிக்கோங்க. நாங்க கரைல குச்சி நட்டு வச்சோம், தூர் வார வந்த ஜேசிபி குச்சிய மண்ணோட அள்ளிட்டு போயிருச்சு, குத்துமதிப்பா நிறுத்தி எடுத்ததுல ஹீரோ குதிக்கிற நேரத்துல சுவரே ஒரு சாண் நகருது.

போன்ல ஸ்கிரீன அழுத்திப் புடிச்சு ஃபோகஸ், எக்ஸ்போஷர் லாக் பண்ணிடுங்க, ரெண்டு தடவையும் காலைல ஒரே மணிக்கு எடுங்க. காஞ்ச வாய்க்கால்ல ஹீரோ எம்புறான், கால் தரைய விட்டதும் கட், அடுத்தது தண்ணில தொபுக்கடீர். மதகு ஷட்டர் தொறந்திருந்தா அதுகிட்ட மட்டும் குதிக்க விடாதீங்க, கீழ சுழல் இழுக்கும். தண்ணி ஷாட் முடியுற வரைக்கும் ஹீரோவ முடி வெட்ட விடாதீங்க, இது தண்ணி வர்றத விட பெரிய பாடு.

கதை 2016க்கு போகுதுன்னா மகாமக போஸ்டர் ஒண்ணு சுவத்துல ஒட்டுங்க, டீக்கடைல பழைய 500 ரூவா நோட்டு நீட்டலாம், நவம்பர் 8 வரைக்கும்தான். மயிலாடுதுறை மாவட்டம்னு வசனம் வச்சுடாதீங்க, அது 2020ல வந்தது.

ரூல் ஒண்ணு முடிவு பண்ணுங்க: பழச மாத்த முடியுமா, முடியாதா? எனக்கு முடியாதுங்குறதுதான் புடிக்கும். எங்க கதைல பேரன் 2018 நவம்பருக்குப் போயி, கஜா புயல் வரப்போகுது, தோப்ப வித்துடுங்க தாத்தான்னு பட்டுக்கோட்டைல கெஞ்சுறான். அவரு மட்டைய முடைஞ்சுக்கிட்டே, "காய்க்கிற மரத்த எவன்டா விப்பான், போயி கை கழுவிட்டு சாப்பிடு"ங்குறாரு. அந்த ஷாட்ட மட்டும் கட் பண்ணாம ஓட விட்டோம்.