அரை மணியில் விமானத்தைத் திருப்பி அனுப்புவது எப்படி

ராம்ப் வேலைக்கு, அதாவது விமானங்கள் நிற்கும் தளத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலைக்கு, புதிதாக வரும் பையன்கள் ஓடத்தான் பார்க்கிறார்கள். ஓட வேண்டாம். விமானம் வந்து நின்று சக்கரத்துக்குச் சாக் கட்டை வைப்பதிலிருந்து அதை எடுக்கும்வரை உள்ள நேரம்தான் டர்ன்அரவுண்ட். ஏர்பஸ் ஏ320 உள்நாட்டு விமானத்துக்கு ஏறக்குறைய அரை மணி. அதில் பாதி, விமானம் தரையிறங்கும் முன்பே தீர்மானமாகிவிடும்.

அதனால் முதலில் விமானம் வந்து நிற்கப்போகும் இடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். நட்டு, ஆணி, பெட்டியிலிருந்து கழன்ற சக்கரம், எது கிடந்தாலும் பொறுக்குங்கள், எஞ்சின் உறிஞ்சிவிடும். படிக்கட்டு, பெட்டிகளை ஏற்றி இறக்கும் பெல்ட் லோடர், டிராலி எல்லாம் கோட்டுக்கு வெளியே தயாராக நிற்கட்டும். விமானம் நின்றாலும், அதன் மேலும் கீழும் மின்னும் சிவப்பு விளக்கு அணையும்வரை கிட்டே போகாதீர்கள். அணைந்ததும் சாக், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

பயணிகள் இறங்க வேண்டும், கேபினைச் சுத்தம் செய்ய வேண்டும், அடுத்தவர்கள் ஏற வேண்டும். நேரத்தைத் தின்பது இந்த வரிசைதான். மற்ற வேலைகள் இதற்குள் முடிந்தாக வேண்டும். ஏரோபிரிட்ஜ் சொகுசுதான், ஆனால் பெரும்பாலும் ஒரே கதவு. தாமதமாக வந்த விமானம் என்றால் முன்னும் பின்னும் படிக்கட்டு போடுவதே என் கட்சி.

பெட்டிகளை இறக்கும்போது பின் ஹோல்டு (விமானத்தின் வயிற்றில் உள்ள சரக்கறை) முதலில். ஏற்றும்போது முன் ஹோல்டு முதலில். மாற்றிச் செய்தால் வால் கனத்து மூக்கு தூக்கிக்கொள்ளும். எந்தப் பெட்டி எந்த ஹோல்டில் என்று குறித்துக்கொள்ளுங்கள். செக்-இன் செய்த பயணி ஏறாவிட்டால் அவர் பெட்டியை இறக்கியே ஆக வேண்டும். குறிப்பு இல்லாவிட்டால் மொத்தத்தையும் கிளற வேண்டியதுதான். எரிபொருள் வண்டி வெளியேறும் வழியில் எதையும் நிறுத்தாதீர்கள்.

1972இல் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் தன் நான்கு விமானங்களில் ஒன்றை விற்றுவிட்டு, மூன்றை வைத்தே அதே அட்டவணையை ஓட்ட 10 நிமிட டர்ன்அரவுண்டுக்கு வந்தது. இதைச் சொல்லி நம்மை விரட்டும் மேனேஜர்கள் உண்டு. அன்றைய போயிங் 737இல் இருக்கைகள் குறைவு. சரி என்று தலையாட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

கதவுகள் மூடியபின், பார்க்கிங் பிரேக் போட்டாயிற்று என்று பைலட் ஹெட்செட்டில் சொன்னால்தான் சாக்கை எடுக்க வேண்டும். டிராக்டரால் விமானத்தைப் பின்னால் தள்ளி முடித்து அதைக் கழற்றியதும், தள்ளும்போது பைலட்டின் ஸ்டியரிங் வேலை செய்யாதபடி முன்சக்கரத்தில் செருகிய பைபாஸ் பின்னை உருவி, பைலட் கண்ணில் படும்படி உயர்த்திக் காட்டுங்கள். அவர் கையசைக்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.