வெள்ளமும் வறட்சியும் ஒரே படத்தில்: காலநிலைப் பாடத்தை அம்புக்குறிகளால் நடத்தும் முறை

சென்னையில் வேளச்சேரிப் பக்கம் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். காலநிலை மாற்றம் என்றதும் பனிக்கரடிப் படத்தை ஒட்டிப் பாடம் தொடங்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த கதையும், 2019 கோடையில் குடத்தோடு லாரிக்காக நின்ற கதையும் என் மாணவர்களின் வீடுகளில் இன்றும் பேசப்படுகின்றன. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. நான்கு ஆண்டுக்குள் ஒரே ஊர் மூழ்கவும் செய்தது, காயவும் செய்தது, எப்படி? கரும்பலகையில் இந்தக் கேள்வியை எழுதிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள்.

மாணவர்கள் காரணங்களை அடுக்குவார்கள். ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: கூடவோ குறையவோ முடிந்த ஒன்றைத்தான் எழுத வேண்டும். ‘அரசாங்கம்’, ‘மக்கள்’ என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். ‘பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பரப்பு’ என்று வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். பழி சொல்வதிலிருந்து பிள்ளைகள் விலகி யோசிக்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான், அவசரப்படுத்தாதீர்கள்.

அடுத்தது அம்புகள். ஒன்று கூடினால் மற்றதும் கூடுமென்றால் கூட்டல் குறி, குறையுமென்றால் கழித்தல் குறி. சதுப்பு நிலப் பரப்பிலிருந்து இரண்டு அம்புகள் புறப்படும்: வெள்ளத்துக்கு ஒரு கழித்தல், நிலத்தடி நீருக்கு ஒரு கூட்டல். அதாவது பரப்பு சுருங்கினால் மழைக்காலத்தில் வெள்ளம், கோடையில் தட்டுப்பாடு. கரும்பலகைக் கேள்விக்கான பதிலில் ஒரு பாதி வகுப்பின் கைக்கு வந்துவிடும்.

மறுபாதி போர்வெல்லில் இருக்கிறது. தட்டுப்பாடு கூடினால் போர்வெல் கூடும். போர்வெல் கூடினால் இன்றைய தட்டுப்பாடு குறையும். இந்த வட்டத்தில் கழித்தல் ஒன்றுதான் இருப்பதால் அது தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். ஆனால் போர்வெல் கூடக் கூட நீர்மட்டம் இறங்கும், நீர்மட்டம் இறங்கினால் சில ஆண்டு கழித்துத் தட்டுப்பாடு இன்னும் ஏறும். இந்த வட்டத்தில் கழித்தல் இரண்டு. கழித்தல்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தாலோ, கழித்தலே இல்லாவிட்டாலோ வட்டம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் என்று இங்கே சொல்லிக் கொடுங்கள். தாமதமாக விளைவு தரும் அம்பின் குறுக்கே இரண்டு சிறு கோடுகள் போடச் சொல்லுங்கள். இன்று தீர்வாகத் தெரிவது நாளை சிக்கலாவது ஏன் என்பதை அந்தக் கோடுகள் காட்டும். ஏசிக்கும் இதே படம் பொருந்தும்: வெப்பம், ஏசி, மின்சாரம், நிலக்கரி, கரியமில வாயு, மீண்டும் வெப்பம்.

மறுநாள் ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேனின் மேற்பகுதியை வெட்டிக்கொண்டு வாருங்கள். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. அதற்கு ஈடாக 28 டம்ளர் நீர் ஊற்றிக் கோடு போடுங்கள். ஒரு மாணவி சுற்றுக்கு 4 டம்ளர் ஊற்றட்டும், ஒரு மாணவன் 2 டம்ளர் மொள்ளட்டும். நாம் வெளியிடுவதில் ஏறக்குறைய பாதியைக் கடலும் காடும் மண்ணும் எடுத்துக்கொள்கின்றன என்பதற்காக இந்தக் கணக்கு. ஏழு சுற்றில் 42 டம்ளர் ஆகும். இன்று நாம் இருப்பது ஏறத்தாழ அந்த அளவில்தான். இப்போது நிறுத்திக் கேளுங்கள்: “ஊற்றுவதை 3 ஆகக் குறைத்தால் நீர்மட்டம் என்னவாகும்?” குறையும் என்றுதான் பலர் சொல்வார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் நடத்திய ஆய்வுகளில் பட்டமேற்படிப்பு மாணவர்களே இதே இடத்தில் தடுமாறினார்கள். எனவே விடையை நீங்கள் சொல்லாதீர்கள். ஊற்றிப் பார்க்கட்டும், மட்டம் ஏறுவதைக் கண்ணால் பார்க்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. 2015 வெள்ளம் முழுவதையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதற்கு ஓர் அம்பு போடலாம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் திறந்த விதத்துக்கும், அடைபட்ட கால்வாய்களுக்கும் தனித்தனி அம்புகள் வேண்டும்.

மதிப்பெண்ணை அழகான சார்ட்டுக்குக் கொடுக்காதீர்கள். “எந்த அம்பை மாற்றலாம், மாற்றினால் வேறு எங்கே இடிக்கும்?” என்ற கேள்விக்குக் கொடுங்கள். 2003இல் தமிழ்நாடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. தங்கள் வீட்டுக் குழாய் உண்மையில் குழிக்குள் போகிறதா, தெருவில் கொட்டுகிறதா என்று ஒவ்வொருவரும் பார்த்து வரட்டும். ஜூனில் வரைந்த படத்தை டிசம்பர் வரை சுவரிலேயே விட்டுவையுங்கள். வடகிழக்குப் பருவமழை பெய்து முடிந்த பிறகு, தவறாகப் போன அம்புகளை மாணவர்களே வேறு நிறத்தில் திருத்தட்டும்.