பரிசோதனைக்கான போர்வெல் நீர் மாதிரி: எத்தனை லிட்டர் இறைத்துவிட்டுப் பிடிப்பது?

குழாயின் உள்விட்டத்தை அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கிப் பாதியாக்குங்கள்: ஒரு மீட்டர் உயரத்தில் நிற்கும் நீர் லிட்டரில் கிடைத்துவிடும். ஆறு அங்குலக் குழாய் என்றால் 36-இல் பாதி, 18 லிட்டர். நீர்மட்டத்திலிருந்து அடிவரை 20 மீட்டர் என்றால் 360 லிட்டர். அதைப்போல மூன்று மடங்கு, 1,080 லிட்டர், வெளியேற்றிய பிறகே மாதிரி பிடிக்கும் பாட்டிலைத் திறக்க வேண்டும். 20 லிட்டர் வாளி 20 விநாடியில் நிரம்பினால் 18 நிமிட வேலை.

ஓர் அங்குல விட்டமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள குழாயின் கொள்ளளவு ஏறக்குறைய அரை லிட்டர். கணக்கின் சூட்சுமம் அவ்வளவுதான். தேங்கிய நீரில் துருவும் கரைந்த காற்றும் சேர்ந்து இரும்பின் அளவும் அமிலகாரத் தன்மையும் மாறிவிடும். உரிமையாளர்கள் திருவிழாவுக்கு மட்டும் வந்து திறக்கும் காரைக்குடி, தேவகோட்டை வீடுகளின் போர்வெல்லில் இப்படி இறைத்துவிடுவது மிக அவசியம். கடைசியில், நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டரில் அடுத்தடுத்த மூன்று அளவுகள் ஒத்துவருகின்றனவா என்றும் பாருங்கள். கணக்கைவிட நான் மீட்டரையே நம்புவேன்.

திருமயம் பக்கத்துப் பாறைப் பகுதிகளில் மேலே மட்டும் குழாய் இருக்கும். அங்கே துளையின் விட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இறைத்தால் வற்றிவிடும் கிணற்றுக்கு மூன்று மடங்கு விதி பொருந்தாது: வற்றவிட்டு, ஊறியதும் பிடியுங்கள். ஊருணிக்கும் திறந்த கிணற்றுக்கும் இந்தக் கணக்கே வேண்டாம்.